குத்துவிளக்கு எண்ணெய் ஏன் பச்சையாகிறது?
தண்ணீரில் கலந்த உலோகத்தைப் பிரிக்கும் எண்ணெய்ச் சவ்வு: ஓர் அறிமுகப் பாடம்

உலோகம் மக்காது. இந்த ஒரு வரியை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ரசாயன விவசாயத்திலிருந்து மாறுகிறவர்களிடம் நாம் வழக்கமாகச் சொல்வது என்ன? "மூணு வருஷம் பொறுங்க. தொழுவுரம் போடுங்க, பலதானியம் விதைச்சு மடக்கி உழுங்க, ஜீவாமிர்தம் விடுங்க. மண்ணு தன்னைத் தானே சரி பண்ணிக்கும்." பெரும்பாலான பூச்சிக்கொல்லி எச்சத்துக்கு இது பொருந்தும். அவை கரிமச் சேர்மங்கள். சில சீக்கிரம் போகும், சில பல வருஷம் அடம்பிடிக்கும். ஆனாலும் கடைசியில் நுண்ணுயிர்கள் அவற்றை உடைத்துவிடும். குரோமியம், காட்மியம், ஈயம் அப்படி இல்லை. அவை தனிமங்கள். அதற்கு மேல் உடைக்க அதில் ஒன்றும் கிடையாது. நுண்ணுயிரால் அவற்றின் வடிவத்தை மாற்ற முடியும், இல்லாமல் ஆக்க முடியாது. நிலத்துக்குள் ஒரு கிலோ வந்தால் அந்த ஒரு கிலோ அங்கேதான் இருக்கும். இல்லையென்றால் பயிரோடு வெளியே போகும், அல்லது நீரோடு பக்கத்துக் கிணற்றுக்குப் போகும்.

எனக்கு நிலம் பாலாற்றங்கரையில், ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில். விவசாயத்துக்கு வருவதற்கு முன்னால் வேதியியல் படித்தவன். அதனால் எங்கள் பக்கத்துப் பயிற்சி முகாம்களில் இந்தக் கேள்வி என்னிடம்தான் வரும்: "அண்ணே, கிணத்துத் தண்ணியில இருக்கிற குரோமியத்தை எடுக்க இயற்கையா ஏதாவது வழி இருக்கா?" இப்போது கொஞ்ச நாளாக அதோடு இன்னொன்றும் சேர்ந்துவிட்டது: "தேங்காய் எண்ணெயை வெச்சே எடுக்கலாம்னு கண்டுபிடிச்சிருக்காங்களாமே?"

கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது உண்மை. நம் கிணற்றில் தேங்காய் எண்ணெய் ஊற்றினால் எடுத்துவிடலாம் என்பது உண்மை இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற விஷயம் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. மேலே இருக்கிற ஆலை தன் கழிவை என்ன செய்ய முடியும், என்ன செய்ய மறுக்கிறது என்று கேட்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நாம்தான்.

விளக்கும் புளியும்

பித்தளைக் குத்துவிளக்கில் எண்ணெயை மாற்றாமல் பல நாள் விட்டால், அந்த எண்ணெய் பச்சையாகி அடியில் பிசினாகத் தங்கும். எல்லார் வீட்டிலும் பார்த்ததுதான். அது பாசி இல்லை. பித்தளையில் இருக்கிற தாமிரம் எண்ணெய்க்குள் ஏறியிருக்கிறது.

தாமிரம் தானாக எண்ணெயில் கரையாது. மயில்துத்தத்தைத் தண்ணீரில் போட்டால் நீலமாகக் கரையும். அதையே நல்ல புது எண்ணெயில் போட்டுப் பாருங்கள், அடியில் அப்படியே உட்கார்ந்திருக்கும். உலோக அயனிகளுக்கு மின்னேற்றம் உண்டு. அவற்றுக்குத் தண்ணீர்தான் பிடிக்கும், எண்ணெய் ஆகாது. ஆனால் எண்ணெய் பழசாகிக் காறும்போது அதில் கொழுப்பு அமிலங்கள் பிரிந்து நிற்கும். இந்தக் கொழுப்பு அமிலத்துக்கு ஒரு முனை அமிலம், மறுமுனை நீண்ட எண்ணெய் வால். அமில முனை தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும். வால் எண்ணெயோடு கலந்து நிற்கும். இப்படி இரண்டு கொழுப்பு அமிலங்கள் சேர்ந்து ஒரு தாமிரத்தை முதுகில் சுமந்து எண்ணெய்க்குள் கொண்டுபோய்விடுகின்றன. அந்தப் பச்சை, தாமிரச் சோப்பின் நிறம்.

சரி, அந்தப் பச்சையை எதால் கழுவுகிறோம்? புளி. இல்லையென்றால் எலுமிச்சை. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். அமிலத்தில் ஹைட்ரஜன் அயனிகள் நிறைய. அவை வந்து மோதியதும் கொழுப்பு அமிலம் தாமிரத்தை இறக்கிவிட்டு, ஹைட்ரஜனை ஏற்றிக்கொண்டு பழையபடி ஆகிவிடும். தாமிரம் புளித்தண்ணீரோடு வந்துவிடும். நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது இதைத்தான்.

ஒரு பக்கம் எண்ணெய் உலோகத்தைச் சுமக்கிறது. மறுபக்கம் அமிலம் அதை இறக்குகிறது. இந்த இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நடக்க வைத்தால் அதுதான் திரவச் சவ்வு.

எண்ணெயால் ஒரு சுவர்

சவ்வு என்றதும் ஆர்.ஓ. இயந்திரத்தில் இருக்கிற தாள் ஞாபகத்துக்கு வரும். அது சல்லடை மாதிரி. இது வேறு. இங்கே சவ்வே ஒரு திரவம். ஒரு பக்கம் கழிவுநீர், மறுபக்கம் அமிலமோ காரமோ கலந்த சுத்தமான நீர், நடுவில் இரண்டோடும் கலக்காத எண்ணெய். அந்த எண்ணெயில் உலோகத்தைச் சுமக்கிற ஒரு பொருளைக் கரைத்து வைத்திருப்பார்கள். இதைச் சுமப்பான் என்று சொல்வோம். சுமப்பான் கழிவுநீர்ப் பக்கம் போய் உலோகத்தை ஏற்றும், எண்ணெயைக் கடந்து மறுபக்கம் போய் இறக்கும், திரும்பி வெறுங்கையோடு வரும். வெறுங்கை என்றால் முழுக்க வெறுங்கை இல்லை, ஹைட்ரஜனைக் கொண்டுவரும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. சாதாரணமாக எதுவும் அதிகம் இருக்கிற இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத்தான் போகும். சவ்வின் இரண்டு பக்கமும் உலோகம் சமமானதும் நின்றுபோக வேண்டும். ஆனால் இதில் நிற்காது. கழிவுநீரில் லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான் இருந்தாலும், மறுபக்கம் பல நூறு மில்லிகிராம் சேர்ந்த பிறகும் உலோகம் போய்க்கொண்டே இருக்கும். மேட்டுக்குத் தண்ணீர் ஏறுகிற மாதிரி. எப்படி?

பழைய கிணற்று ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கயிற்றில் இரண்டு வாளி. ஒன்று கனமாகக் கீழே இறங்கினால் மற்றது தானாக மேலே வரும். இங்கே இறங்குகிற வாளி ஹைட்ரஜன். அமிலப் பக்கத்தில் அது கொட்டிக் கிடக்கிறது, கழிவுநீர்ப் பக்கத்தில் குறைவு. அது ஓடி வருகிற வேகத்தில் உலோகம் எதிர்ப்பக்கம் தூக்கப்படுகிறது. மின்மோட்டார் தேவையில்லை, ஆர்.ஓ. மாதிரி அழுத்தமும் தேவையில்லை. அமிலத்துக்கு ஆகிற செலவுதான் இதற்குக் கூலி.

இது மனிதனின் புது மூளை ஒன்றும் இல்லை. உங்கள் வயலில் இருக்கிற ஒவ்வொரு வேரும் இதைத்தான் செய்கிறது. வேர்ச் செல்லைச் சுற்றி இருப்பதும் கொழுப்பாலான மெல்லிய சவ்வுதான். வேர் ஹைட்ரஜனை வெளியே தள்ளுகிறது. அந்த ஏற்றத்தாழ்வை வைத்துக்கொண்டு, சவ்வில் பதிந்திருக்கிற சுமப்பான் புரதங்கள் வழியாகச் சத்துகளை உள்ளே இழுக்கிறது. பார்லி, கோதுமை மாதிரி புல்லினப் பயிர்கள் ஒரு படி மேலே போய், இரும்பைப் பிடிக்கிற ஒரு பொருளை வேர் வழியாக மண்ணுக்குள் அனுப்பி, அது இரும்பைக் கவ்வியதும் திரும்ப உள்ளே வாங்கிக்கொள்கின்றன. ஆய்வுக்கூடத்தில் செய்வது இதன் முரட்டு நகல்.

நடைமுறையில் மூன்று விதமாகச் செய்கிறார்கள். முதலாவது, ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு நீருக்கும் பொதுவாக மேலே எண்ணெயை மிதக்க விடுவது. இது பாடம் நடத்தத்தான் ஆகும், வேகம் போதாது.

இரண்டாவது பால்மம். வேப்பெண்ணெய்க் கரைசல் தயாரிக்கும்போது காதி சோப்போ பூந்திக்கொட்டைச் சாறோ சேர்த்து அடித்தால் எண்ணெய் துளித்துளியாகப் பிரிந்து வெள்ளையாகிறது அல்லவா, அது தண்ணீருக்குள் எண்ணெய். இங்கே அதைத் திருப்பிப் போடுகிறார்கள். எண்ணெய்க்குள் அமிலத்தைப் பொடித்துளிகளாக அடித்துக் கலக்கி, அந்த மொத்தக் கலவையையும் கழிவுநீரில் விட்டு மெதுவாகக் கலக்குகிறார்கள். ஒவ்வொரு எண்ணெய் உருண்டைக்குள்ளும் ஆயிரக்கணக்கான அமிலத் துளிகள். உலோகம் எண்ணெயைக் கடந்து அந்தத் துளிகளுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். கலக்குவதை நிறுத்தினால் எண்ணெய் மிதக்கும், வழித்து எடுத்துவிடலாம். இந்த முறைக்கு 1968-இல் அமெரிக்காவில் நார்மன் லீ என்பவர் காப்புரிமை பெற்றார். அவர் வேலை பார்த்தது ஒரு பெட்ரோலிய நிறுவனத்தில். 1986-இல் ஆஸ்திரியாவின் லென்சிங் என்ற ஊரில் விஸ்கோஸ் நூல் ஆலைக் கழிவிலிருந்து துத்தநாகத்தை மீட்க இதைப் பெரிய அளவில் வைத்தார்கள். மணிக்கு 75 கன மீட்டர் கழிவு ஓடியது. ஆகவே இது வெறும் கண்ணாடிக் குடுவைச் சமாச்சாரம் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

மூன்றாவது, நுண்துளை உள்ள பிளாஸ்டிக் தாளில் எண்ணெயை ஊறவைத்து அதையே சுவராக நிறுத்துவது. எண்ணெய் ரொம்பக் கொஞ்சம் போதும். ஆனால் நாள்பட அது துளைகளிலிருந்து கசிந்துவிடும். இந்த முறையின் தீராத வியாதி அது.

எதை எடுக்கும், எதை விடும்

கழிவுநீரில் குரோமியமோ தாமிரமோ மட்டுமா இருக்கும்? சுண்ணாம்பு, மக்னீசியம், சோடியம் எல்லாம் பல நூறு மில்லிகிராம் கணக்கில் இருக்கும். நமக்கு வேண்டாத நஞ்சு அதில் சில மில்லிகிராம்தான். ஆர்.ஓ. அத்தனையையும் ஒன்றாகப் பிடித்து, ஒரு பக்கம் நல்ல நீரும் மறுபக்கம் எல்லாம் கலந்த உப்புக் கரைசலுமாகக் கொடுக்கும். அந்தக் கரைசலை எங்கே கொட்டுவது என்பது அடுத்த தலைவலி. சுண்ணாம்பு போட்டு வீழ்படிவாக்கினால் எல்லா உலோகமும் கலந்த சேறு கிடைக்கும். அது யாருக்கும் பயன்படாது, மூட்டை கட்டிப் புதைக்கத்தான் வேண்டும். புதைத்த இடம் நாளைக்கு யாருடைய கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

திரவச் சவ்வின் பலம் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. சுமப்பானை மாற்றினால் எடுக்கிற உலோகம் மாறும். ஆக்சைம் வகைச் சுமப்பான்கள் தாமிரத்தைத் தேடிப் பிடிக்கும். உலகத்துத் தாமிரச் சுரங்கங்களே அதைப் பயன்படுத்துகின்றன. பாஸ்பாரிக் அமில வகைச் சுமப்பான்கள் கார அமில நிலையைப் பொறுத்து வரிசையாக எடுக்கும். நல்ல புளிப்பான நீரிலேயே இரும்பு ஏறும், புளிப்பு கொஞ்சம் குறைந்தால் துத்தநாகம், இன்னும் குறைந்தால் தாமிரம், அதற்கும் பிறகுதான் நிக்கல். இதில் இரும்பு ஒரு தொல்லை. ஏறினால் இறங்காது, சுமப்பானைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். அதனால் இரும்பை முன்கூட்டியே நீக்க வேண்டும். தேர்ந்தெடுப்பது என்றால் நூற்றுக்கு நூறு என்று நினைத்துவிட வேண்டாம்.

குரோமியத்தில் இரண்டு உருவம் உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் பாலாற்றுக் கதையைப் பேசவே முடியாது. தோல் பதனிட உபயோகிப்பது குரோமியம்-3. நச்சு குறைவு, மண்ணில் ஒட்டிக்கொண்டு நகராமல் கிடக்கும். முலாம் பூசும் பட்டறைகளிலும் குரோமேட் ரசாயன ஆலைகளிலும் இருப்பது குரோமியம்-6. மஞ்சள் நிறம், தண்ணீரோடு சுலபமாக ஓடும், புற்றுநோய் உண்டாக்கும். ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலையின் வளாகத்தில் ஒன்றரை லட்சம் டன் அளவுக்குக் கழிவு குவிந்து கிடந்ததும், அதிலிருந்து மஞ்சள் நீர் கசிந்ததும் ஊரறிந்த விஷயம்.

எண்ணெய்ச் சவ்வுக்குச் சுலபமாக வசப்படுவது குரோமியம்-6தான். அது எதிர்மின்னேற்றத்தோடு திரிகிற பொருள். அமீன் வகைச் சுமப்பான் அதை அமில நீரில் பிடித்து, கார நீரில் இறக்கிவிடும். குரோமியம்-3 பிடிவாதக்காரர். தன்னைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகளை இறுக்கி வைத்துக்கொண்டு லேசில் விடமாட்டார். சுமப்பான் காத்துக் கிடக்க வேண்டும். அதனால் தோல் ஆலைக் குரோமியத்துக்கு எண்ணெய்ச் சவ்வு முதல் தேர்வு இல்லை என்பது என் கருத்து. அதற்கு வேறு எளிய வழி ஏற்கெனவே இருக்கிறது. பதனிட்டு மீந்த குரோமிய நீரைத் தனியாகப் பிடித்து, மக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படியவைத்து, படிவைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் திரும்பவும் பதனிட உதவும். சென்னையில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆலைகளுக்குக் கொண்டுபோய்விட்டது. தோல் வழக்கமாக உறிஞ்சுவது போட்ட குரோமியத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான். மீதி நீரில் நிற்கும். அதை விடுவது பணத்தையே சாக்கடையில் விடுவது.

எந்த எண்ணெய்?

இத்தனை நேரம் எண்ணெய் எண்ணெய் என்று சொன்னேன். தொடக்கத்திலிருந்து ஆய்வுக்கூடங்களில் புழங்கியது மண்ணெண்ணெய், டொலுயீன், குளோரோபார்ம், ஹெக்சேன். ஆவியாகும், பெரும்பாலானவை தீப்பற்றும், சில புற்றுநோய் அபாயம் உள்ளவை. கழிவைச் சுத்தம் செய்கிறேன் என்று இன்னொரு நஞ்சைக் கலப்பதா என்ற கேள்வி எழுந்ததால்தான் பசுமைக் கரைப்பான் என்ற பேச்சே வந்தது.

அதில் நமக்கு நெருக்கமானது தாவர எண்ணெய். குவஹாத்தி ஐ.ஐ.டி.யில் தேங்காய் எண்ணெயைத் தாளில் ஊறவைத்து, அமீன் சுமப்பானோடு சேர்த்துப் பாதரசத்தைப் பிரித்துக் காட்டினார்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் சோயா எண்ணெயை வைத்துத் தாமிரத்தை எடுத்தார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2006 வாக்கிலேயே தாவர எண்ணெய்ச் சவ்வு வழியாகத் துணிச் சாயத்தைப் பிரித்தார்கள். சாயம் உலோகம் இல்லை என்றாலும் வழி ஒன்றுதான்.

தாவர எண்ணெய் ஆவியாகாது, லேசில் தீப்பிடிக்காது, சிந்தினால் மக்கிவிடும். குறைகளும் உண்டு. மண்ணெண்ணெயைவிடப் பல மடங்கு கெட்டி, அதனால் சுமப்பான் மெதுவாகத்தான் நகரும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், மார்கழியில் நம் வீட்டுப் புட்டியில் பார்க்கிறோமே. எல்லாவற்றையும்விட முக்கியமானது: குரோமியம்-6ஐ இறக்கக் காரம் வேண்டும் என்றேன். தேங்காய் எண்ணெயும் காரமும் சேர்ந்தால் என்ன ஆகும்? சோப்பு ஆகும். வீட்டில் சோப்பு காய்ச்சுகிற சகோதரிகளைக் கேட்டால் சொல்வார்கள். சவ்வே சோப்பாகிக் கரைந்து போனால் பிரிப்பது எங்கே? காரத்தை மிக மென்மையாக வைத்துத்தான் ஓட்ட முடியும். அமிலத்தில் இறக்கக்கூடிய தாமிரம், துத்தநாகத்துக்கு இந்தத் தொல்லை குறைவு.

இன்னொரு வகையைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு, புதினா உப்பு, பச்சைக் கற்பூரம் மூன்றையும் வாங்கி ஒரு சீசாவில் போட்டு வைத்தால், சூடு காட்டாமலே மூன்றும் உருகித் தைலமாகிவிடும். திடப்பொருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து உருகுநிலை இறங்கிப் போவதால் இது நடக்கிறது. இந்தக் குடும்பத்துக்கு ஆழ் உருகுநிலைக் கரைப்பான்கள் என்று பெயர் வைத்து, 2003-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அறிவித்தார்கள். அவர்கள் கலந்தது கோழித்தீவனத்தில் போடுகிற கோலின் குளோரைடும் யூரியாவும். முதலாவது 302 டிகிரியில் உருகும், யூரியா 133 டிகிரியில். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு கலந்தால் 12 டிகிரியிலேயே திரவம். ஆனால் அது தண்ணீரில் கரைந்துவிடும், சவ்வாக நிற்காது. பிறகு 2015 வாக்கில்தான் தண்ணீரோடு ஒட்டாத வகைகள் வந்தன. புதினா உப்பும் கொழுப்பு அமிலங்களும் அதில் புழங்குகின்றன. நம் சித்த மருத்துவர்கள் சீசாவில் பார்த்த வித்தைதான், வேறு வேலைக்கு வந்திருக்கிறது.

அயனித் திரவம் என்று மூன்றாவது ஒன்றையும் பசுமை என்று சொல்வார்கள். ஆவியாகாது என்பதற்காக மட்டுமே அந்தப் பட்டம். அதில் பல வகைகள் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. புளோரின் கலந்த சில, தண்ணீர் பட்டுச் சிதைந்து ஹைட்ரோபுளோரிக் அமிலத்தை விடும். "பயோ" என்று எழுதி ஒட்டி நம்மிடம் விற்ற பாட்டில்களை நாம் மறக்கவில்லை. பசுமை என்று யார் சொன்னாலும், எதில் பசுமை என்று கேட்க வேண்டும். தாவர எண்ணெய்ச் சவ்வுக்கும் அதே கேள்வி உண்டு. எண்ணெய் தேங்காயிலிருந்து வந்தாலும் அதில் கரைத்த அமீன் சுமப்பான் தேங்காயிலிருந்து வரவில்லை. அந்த வகையில் சில மீனுக்கு ஆகாது. அது கசிந்து ஆற்றில் கலக்காமல் பார்ப்பதுதான் பொறியாளரின் வேலை.

நம்ம கிணத்துக்கு ஆகுமா?

ஆகாது. கிணற்று நீரில் உலோகம் மிகவும் குறைவு, நீரின் அளவோ அதிகம், எண்ணெய்க் கசிவு நேராகப் பயிருக்குப் போகும். உலோகம் ஏறிய எண்ணெயை என்ன செய்வீர்கள்? அதை மாட்டுக்கும் வைக்க முடியாது, மண்ணிலும் கொட்ட முடியாது. இது ஆலையின் குழாய் வாயில் நடக்க வேண்டிய வேலை. நஞ்சு செறிவாக, தனியாக, கொஞ்சம் நீரில் இருக்கும்போது பிரிப்பது சுலபம். பாலாற்றில் கலந்து, மணலில் இறங்கி, ஆயிரம் கிணற்றுக்குப் பரவிய பிறகு எந்த எண்ணெயாலும் அதைக் கூட்டிப் பொறுக்க முடியாது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வை எடுத்துச் சொன்னது. அந்த நிலங்களின் பெரிய வியாதி உப்பு. தோலைக் கெடாமல் வைக்கப் போடுகிற சாப்பாட்டு உப்பு. இங்கே பேசுகிற எந்தச் சவ்வும் அந்தச் சோடியத்தைத் தொடாது. யாராவது ஒரு கருவியைக் காட்டி "எல்லாம் போயிடும்" என்றால் நம்பாதீர்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஆலை ஆற்றில் விடுகிற நீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை இருக்கலாம், குரோமியம்-6 மட்டும் 0.1 வரை என்பது நம் நாட்டுப் பொது விதி. குடிநீருக்கு இந்தியத் தர அளவு 0.05. பாசன நீருக்கு உலக உணவு வேளாண்மை அமைப்பு சொல்லும் மேல் அளவு 0.1. அதாவது சட்டப்படி சரியாக ஓடுகிற ஆலையின் நீரே பாசன அளவைப்போல் 20 மடங்கு இருக்கலாம். தாமிரத்தில் விடுகிற அளவு 3, பாசன அளவு 0.2, அது 15 மடங்கு. ஆற்றில் நல்ல நீர் ஓடினால் இது நீர்த்துப் போகும் என்பது விதி எழுதியவர்களின் நினைப்பு. பாலாற்றில் வருஷத்தில் எத்தனை நாள் தண்ணீர் ஓடுகிறது?

பாசன அளவை அவர்கள் கணக்கிட்டது ஹெக்டேருக்கு வருஷம் 10,000 கன மீட்டர் நீர் என்ற கணக்கில். 0.1 மில்லிகிராம் என்றால் வருஷத்துக்கு ஹெக்டேருக்கு ஒரு கிலோ, ஏக்கருக்கு 400 கிராம். 2 மில்லிகிராம் நீரை அப்படியே பாய்ச்சினால் ஏக்கருக்கு 8 கிலோ. இந்த 8 கிலோ அடுத்த வருஷம் 16 ஆகும்.

நம்ம பக்கத்தில் செய்யக் கூடியது

மட்கு உரம் உதவும். கரிமப் பொருள் அதிகமுள்ள மண்ணில் குரோமியம்-6, குரோமியம்-3ஆக மாறிக் கட்டுப்பட்டு நிற்கும். பயிருக்கு ஏறுவது குறையும். இது பூட்டி வைப்பது மாத்திரமே, எடுத்துப் போடுவது இல்லை. மண் புளிப்பாக மாறினால் பல உலோகங்கள் மறுபடி கிளம்பும், கார அமில நிலையைக் கவனியுங்கள். சந்தேகமுள்ள நிலத்தில் முதலில் கீரையை நிறுத்துங்கள், கீரையும் கிழங்கும்தான் அதிகம் இழுக்கும். நகராட்சிக் கசடும் ஆலைச் சேறும் "இலவச உரம்" என்று லாரியில் வந்தால் உலோகப் பரிசோதனைச் சீட்டு இல்லாமல் இறக்க விடாதீர்கள். இயற்கை விவசாயிகளான நாமும் திராட்சையிலும் உருளையிலும் போர்டோ கலவை தெளிக்கிறோம். அதிலிருப்பதும் மக்காத தாமிரம்தான். ஐரோப்பாவில் இதற்கு ஏழு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள்.

அரசு கொடுக்கிற மண்வள அட்டையில் 12 விவரம் இருக்கும். துத்தநாகமும் தாமிரமும் அதில் உண்டு, ஆனால் சத்தாக. குரோமியம், காட்மியம், ஈயம் அதில் கிடையாது. "கன உலோகம்" என்று தனியாகக் கேட்டுப் பணம் கட்டித்தான் பார்க்க வேண்டும். நாலைந்து கிணற்றுக்காரர்கள் சேர்ந்து பகிர்ந்துகொண்டால் பாரமாக இருக்காது. அந்தச் சீட்டோடு ஆட்சியர் அலுவலகத்து விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். பொதுவாக "மாசு, மாசு" என்று பேசினால் "நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற பதில்தான் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: எந்தெந்த ஆலையில் குரோமிய நீரைத் தனிக் குழாயில் பிரிக்கிறார்கள்? போன வருஷம் எத்தனை கிலோ மீட்டார்கள், எத்தனை கிலோ வாங்கினார்கள்? முலாம் பட்டறைகளின் கழிவு எங்கே போகிறது, அதிலுள்ள குரோமியம்-6ஐயும் தாமிரத்தையும் பிரித்து மீட்க என்ன ஏற்பாடு? பிரிக்க வழியே இல்லை என்று யாராவது சொன்னால் லென்சிங் ஆலையைச் சொல்லுங்கள்.

நீர் மாதிரி எடுக்கும்போது கவனிக்க வேண்டியது: கண்ணாடி வேண்டாம், ஆய்வுக்கூடம் கொடுக்கிற பிளாஸ்டிக் புட்டியே நல்லது. இரண்டு புட்டி கேளுங்கள். மொத்த உலோகத்துக்கான புட்டியில் அவர்கள் சில சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டுக் கொடுப்பார்கள், உலோகம் புட்டிச் சுவரில் ஒட்டாமல் இருக்க. கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், புட்டியைக் கழுவவும் வேண்டாம். குரோமியம்-6க்கான புட்டியில் அமிலம் இருக்கக் கூடாது, இருந்தால் அது குரோமியம்-3ஆக மாறிக் குறைத்துக் காட்டிவிடும். மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பிடியுங்கள், விளிம்பு வரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். புட்டி மேல் கிணற்றின் சர்வே எண், தேதி, நேரம், மழை பெய்து எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் எழுதுங்கள். கோடையில் ஒன்று, மழை முடிந்து ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு தடவை எடுத்தால் போதும்.